சின்னத்திரையில் வாழும் அரசிகளும் சான்றுகள் சொல்லும் அரசிகளும்

ஒஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இன்றைய துருக்கியிலுள்ள பண்டைய எபேசு நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எடுத்துவரப்பட்ட மண்டையோடு ஒன்றைப் பற்றிய கட்டுரை அது. அதன் முடிவு சுருக்கமானது. அந்த மண்டையோடு 11 முதல் 14 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனுடையது. அவன் கடுமையான வளர்ச்சிக் குறைபாடொன்றினால் பாதிக்கப்பட்டிருந்தான். அவனது தாடை சரியாக வளரவில்லை. உணவை மென்று உண்பதே அவனுக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்த பெயரறியாச் சிறுவன் ஒருவனைப் பற்றி நாம் இன்று எழுதுவதற்குக் காரணமுண்டு. 2009 மார்ச்சில் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய விவரணப்படமொன்று இதே மண்டையோட்டை எகிப்திய அரசி கிளியோபாட்ராவின் தங்கை ஆர்சினோவினுடையது என உலகுக்குக் காட்டியது. அம்மண்டையோட்டின் அளவுகளைக் கொண்டு கணினி மூலம் ஒரு முகம் வரையப்பட்டது. அது ஓர் இளம்பெண்ணின் முகம். அம்முகத்தைக் கொண்டு கிளியோபாட்ராவின் இனம் பற்றியும் நிறம் பற்றியும் உலகெங்கும் விவாதங்கள் எழுந்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த முகத்துக்கு அடியில் இருந்தவன் ஒரு பையன் என்று தெரியவந்திருக்கிறது.

இது நேர்ந்த விதத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். ஏனெனில் வரலாற்றில் வாழ்ந்த அரசிகளைத் தொலைக்காட்சி எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எபேசு நகரின் பிரதான வீதியில் எண்கோண வடிவிலான நினைவுக் கட்டடமொன்றின் இடிபாடுகள் உள்ளன. 1929 இல் ஒஸ்திரியத் தொல்லியலாளர் ஜோசப் கைல் அதன் அடியிலிருந்த கல்லறையைத் திறந்தார். உள்ளே ஓர் எலும்புக்கூடு இருந்தது. பெயரோ கல்வெட்டோ இருக்கவில்லை. அவர் மண்டையோட்டை மாத்திரம் எடுத்துச் சென்றார். 1953 இல் அதன் அளவுகளும் புகைப்படங்களும் பிரசுரமாயின. பின்னர் அந்த மண்டையோடு எங்கிருக்கிறதென்பதே மறக்கப்பட்டுவிட்டது. உடலின் ஏனைய எலும்புகள் 1982 இல் கண்டெடுக்கப்பட்டன. 1990களில் ஓர் அனுமானம் முன்வைக்கப்பட்டது. ஆர்சினோ கி.மு. 41 இல் எபேசு நகரில் கொல்லப்பட்டவர். இக்கட்டடத்தின் எண்கோண வடிவம் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை நினைவூட்டுகிறது. காலமும் ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆகவே இது ஆர்சினோவின் கல்லறையாக இருக்கலாம் என்பதே அந்த அனுமானம்.

அறிஞர் ஒருவர் அவ்வாறு அனுமானிப்பதில் தவறேதுமில்லை. அனுமானமின்றி ஆய்வு முன்னேறாது. ஆனால் அந்த அனுமானம் தொலைக்காட்சியின் கைக்கு வந்ததும் நிகழ்ந்தவற்றைக் கவனிக்க வேண்டும். மண்டையோடு கையில் இல்லை. பழைய அளவுகள் மட்டுமே இருந்தன. அவ்வளவுகளிலிருந்து முகம் பிறந்தது. முகத்திலிருந்து ஆர்சினோவின் தாய் ஆபிரிக்க வம்சாவளியைச் சேர்ந்தவர் என்ற முடிவு பிறந்தது. தங்கை அப்படியெனில் தமக்கையும் அப்படியே என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. கிளியோபாட்ராவும் ஆர்சினோவும் ஒரே தாயின் வயிற்றுப் பிள்ளைகளா என்பதே உறுதியற்றது என்ற சிறு விடயம் இந்தப் பிள்ளைப்பேறுகளுக்கிடையில் காணாமற்போயிற்று. 2022 இல் அந்த மண்டையோடு வியன்னா பல்கலைக்கழகத்தின் சேகரிப்பிலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஆண்பாலுக்குரிய வை நிறமூர்த்தம் மண்டையோட்டிலும் தொடையெலும்பிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அவனது மூதாதையர் இத்தாலியத் தீபகற்பத்தையோ சார்டினியாவையோ சேர்ந்தவர்களாகலாம் என மரபணு கூறிற்று.

அந்த விவரணப்படத்தின் தலைப்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். "கிளியோபாட்ரா: கொலையாளி ஒருவரின் சித்திரம்" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு அது. ஆர்சினோவைக் கொல்ல ஆணையிட்டவர் உரோமத் தளபதி மார்க் அன்ரனி. கிளியோபாட்ராவின் விருப்பத்துக்கிணங்கவே அவர் அதனைச் செய்தார் எனப் பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். குற்றம் இல்லையென்று நாம் வாதாடவில்லை. ஆயினும் கிளியோபாட்ராவின் பதினேழு வயது மகன் சீசாரியனைக் கொல்வித்த ஒக்டேவியன், பின்னாளில் அகஸ்டஸ் பேரரசர் என்ற பெயரோடும் உரோமின் அமைதியை நிலைநாட்டியவர் என்ற புகழோடுமே திரையில் தோன்றுகிறார். கொலையாளிப் பட்டம் அவருக்குச் சூட்டப்படுவதில்லை.

விவரணப்படம் என்பது கதைப்படத்திலிருந்து வேறுபட்டது. 1963 இல் எலிசபெத் டெய்லர் கிளியோபாட்ராவாக நடித்த திரைப்படத்தை எவரும் வரலாற்றுப் பாடமாகக் கொள்ளவில்லை. அது தன்னைக் கதையென்றே கூறிக்கொண்டது. விவரணப்படமோ உண்மையைக் கூறுவதாக உறுதியளித்துக்கொண்டு எமது வீட்டினுள் நுழைகிறது. பேராசிரியர் பேசுகிறார், தொல்பொருள் காட்டப்படுகிறது, இடையிடையே நடிகை ஒருவர் அரசியாக உடுத்து மாளிகையில் நடக்கிறார். பேராசிரியர் "இருக்கலாம்" என்றும் "என்று கருத இடமுண்டு" என்றும் பேசுகிறார். நடிகைக்கோ அப்படிப் பேச வழியில்லை. காட்சிக்கு "இருக்கலாம்" என்ற சொல் கிடையாது. அவர் நஞ்சுக் குவளையை நீட்டினால் நீட்டியதுதான். மறுநாள் பார்வையாளரின் நினைவில் எஞ்சியிருப்பது பேராசிரியரின் தயக்கமன்று, நடிகையின் கையிலிருந்த குவளையே.

எகிப்திய அரசிகள் இதற்கு அடிக்கடி இலக்காவதற்குக் காரணம் இலகுவில் விளங்கக்கூடியது. அவர்களைப் பற்றி எஞ்சியவை கற்களும் சிலைகளும் பதப்படுத்தப்பட்ட உடல்களுமே. உடல் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இருக்கிறது, உடல் இல்லை. இரண்டையும் இணைத்துவிட்டால் ஒரு மணித்தியால நிகழ்ச்சி தயார்.

நெபர்டீட்டியின் கதை அத்தகையது. 1912 டிசம்பரில் ஜேர்மனியத் தொல்லியலாளர் லுட்விக் போர்கார்ட் அமர்ணாவிலுள்ள சிற்பக்கூடமொன்றில் கண்டெடுத்து, இன்று பெர்லின் நகரில் வைக்கப்பட்டிருக்கும் வர்ணச் சிலையினால் அந்த அரசியின் முகத்தை உலகமே அறியும். அவரது உடல் எங்கே என்பதுதான் கேள்வி. 2003 இல் பிரித்தானிய ஆய்வாளர் ஜோன் பிளெட்சர், அரசர் பள்ளத்தாக்கின் 35 ஆம் இலக்கக் கல்லறையில் 1898 முதல் அறியப்பட்டிருந்த "இளைய பெண்மணி" எனப்படும் உடல் நெபர்டீட்டியினுடையதாக இருக்கலாம் என அறிவித்தார். அந்த ஆய்வுப் பயணத்துக்கு நிதி வழங்கியது டிஸ்கவரி அலைவரிசை. அவ்வாண்டு ஓகஸ்டிலேயே "நெபர்டீட்டி உயிர்த்தெழுந்தார்" என்ற பொருளிலான நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. எகிப்தியத் தொல்பொருள் அதிகாரிகள் சினமுற்று அந்த ஆய்வாளர் தமது நாட்டில் பணியாற்றுவதற்குத் தடை விதித்தனர். பின்னர் அத்தடை நீங்கிற்று. 2010 இல் வெளியான மரபணு ஆய்வு அந்த உடலை துட்டன்காமன் மன்னனின் தாய் என்றும், மூன்றாம் அமன்ஹோதெப் மன்னனின் மகள் என்றும் இனங்கண்டது. நெபர்டீட்டியை எந்தவொரு கல்வெட்டும் "அரசனின் மகள்" என அழைக்கவில்லை. ஆகவே அறிஞர்களுட் பெரும்பாலோர் அது நெபர்டீட்டியன்று என்ற முடிவுக்கு வந்தனர். விடயம் அத்துடன் ஓய்ந்ததா? இல்லை. 2018 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அதே உடலுக்கு முகம் வடித்து, அதுவே நெபர்டீட்டியின் முகம் என்று காட்டியது. அம்முகத்தின் தோல் நிறம் வெளுத்திருந்ததே அதன் பின் எழுந்த சர்ச்சையின் பொருளாயிற்று. அது நெபர்டீட்டியின் உடல்தானா என்று கேட்டவர்களின் குரல் அச்சந்தடியில் எடுபடவில்லை.

அரசி ஹட்ஷெப்சுட்டின் விடயம் இன்னும் சிக்கலானது. கி.மு. 15 ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எகிப்தை ஆண்ட இவர், சிலைகளில் ஆண் அரசர்க்குரிய பொய்த்தாடியுடன் காட்டப்பட்டவர். தொலைக்காட்சிக்கு அந்தத் தாடி மிகவும் பிடிக்கும். 2007 ஜூன் 27 ஆம் திகதி எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் அவரது உடல் இனங்காணப்பட்டதாக அறிவித்தார். அரசியின் பெயர் பொறித்த மரப்பெட்டியொன்றினுள் ஈரலும் ஒரு கடைவாய்ப் பல்லும் இருந்தன. 60 ஆம் இலக்கக் கல்லறையிலிருந்து கிடைத்த பருத்த உடலையுடைய பெண் ஒருவரின் தாடையிலிருந்த இடைவெளிக்கு அப்பல் பொருந்துவதாக சி.ரி. ஸ்கேன் பரிசோதனை காட்டிற்று. டிஸ்கவரி அலைவரிசையின் நிதியுதவியோடு நடந்த இந்த ஆய்வு பற்றிய விவரணப்படம் ஜூலை 15 ஆம் திகதி ஒளிபரப்பானது. அறிவிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே மூன்று கிழமைகளுக்கும் குறைவான காலமே இருந்தது. அப்பல் மேல்தாடைக்குரியதா கீழ்த்தாடைக்குரியதா, அதன் வேர்கள் பொருந்துகின்றனவா என ஏனைய அறிஞர்கள் பின்னர் எழுப்பிய வினாக்களுக்கு இன்றுவரை ஒருமித்த விடையில்லை.

ஹட்ஷெப்சுட்டின் வாழ்க்கையைச் சொல்லும் முறையிலும் பழைய தடமொன்று உண்டு. சூழ்ச்சிக்காரச் சிற்றன்னை, அரியணையை இழந்து குமுறும் பாலகன், அவள் இறந்ததும் அவளது சிலைகளை உடைத்துப் பழிதீர்க்கும் மன்னன் என்பதே அந்தக் கதை. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அறிஞர் சிலர் வகுத்த இக்கதையைத் திரைக்கதையாளர்கள் இன்னமும் கைவிட மனமில்லாதிருக்கின்றனர். ஆனால் அவரது பெயர் கல்வெட்டுகளிலிருந்து அழிக்கப்பட்டது அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே. இருபது ஆண்டு பொறுத்திருந்து பீறிடும் கோபம் எத்தகைய கோபம்? 2025 இல் வெளியான ஓர் ஆய்வு அச்சிலைகள் பலவும் கழுத்து, இடை, முழங்கால் ஆகிய இடங்களில் முறையாகவே முறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஏனைய மன்னர்களின் சிலைகளும் அவ்வாறே சடங்குமுறையில் செயலிழக்கச் செய்யப்பட்டன என்றும் அது கூறுகிறது. குடும்பப் பகை என்று காட்டப்பட்டதிற் பெரும்பகுதி வெறும் சமயச் சடங்காகவும் இருந்திருக்கலாம்.

அகழ்வாய்வுக்கு நிதி வழங்கும் அலைவரிசைக்குத் திகதி முக்கியம். ஆய்வு முடிவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் நிகழ்ச்சி ஒளிபரப்பாக வேண்டும். சக ஆய்வாளர்கள் அந்த முடிவைப் பரிசீலித்து ஏற்பதற்கோ மறுப்பதற்கோ ஆண்டுகள் செல்லும். அதுவரை விளம்பரதாரர் காத்திருக்க மாட்டார். இதில் பத்திரிகைத் துறையினராகிய எமக்கும் பங்குண்டு. "கிளியோபாட்ராவின் தங்கை கண்டுபிடிப்பு" என்பது தலைப்புச் செய்திக்கு உகந்தது. "அது தங்கையன்று, ஒரு சிறுவன்" என்பது உட்பக்கத்தின் மூலையில் நான்கு வரிகளுக்கு மேல் பெறுவதில்லை. தவறு பரவிய அளவுக்குத் திருத்தம் பரவுவதில்லை.

இனி கிளியோபாட்ராவிடமே வருவோம். கி.மு. 51 முதல் 30 வரை இருபத்தொரு ஆண்டுகள் ஆட்சிபுரிந்தவர் அவர். அவர் வாழ்ந்த காலத்தில் அவரைப் பற்றி எழுதியோரிற் பலர் அவரது பகைவர்கள். கி.மு. 32 இல் ஒக்டேவியன் போர்ப் பிரகடனம் செய்தது மார்க் அன்ரனிக்கு எதிராக அன்று; கிளியோபாட்ராவுக்கு எதிராக. உரோமர் உரோமரோடு போரிடுவதாகத் தோன்றாதிருப்பதற்கு அந்நிய மோகினி ஒருத்தி தேவைப்பட்டாள். வெற்றி பெற்ற அணியின் கவிஞர்கள் அந்த மோகினியைப் பாடினர். நாம் பெரிதும் நம்பியிருக்கும் புளூட்டார்க் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் எழுதியவர். அவர் நேர்மையானவர் என்றே நாம் கருதுகிறோம். கிளியோபாட்ராவின் அழகு ஒப்பற்றதென்று கூறிவிட முடியாது, பேச்சும் குரலுமே கேட்போரைக் கவர்ந்தன என்று எழுதியவர் அவரே. தொலமி வம்சத்தில் எகிப்திய மொழியைக் கற்ற முதலாவது ஆட்சியாளர் கிளியோபாட்ராவே என்பதையும், அரபியர், சிரியர், எபிரேயர் முதலானோருடன் மொழிபெயர்ப்பாளரின்றி உரையாடினார் என்பதையும் குறித்து வைத்தவரும் அவரே. நாகபாம்பு தீண்டி மரணம் என்ற கதையைக் கூறிவிட்டு, உண்மை எவருக்கும் தெரியாது என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு முன் வாழ்ந்த ஸ்திராபோவும் பாம்பு என்றும் நச்சுத் தைலம் என்றும் இருவேறு கதைகள் உலவுவதாகவே கூறினார். ஆனால் பாம்பு இல்லாத கிளியோபாட்ரா விவரணப்படத்தைக் காண்பது அபூர்வம். அத்திப்பழக் கூடை வருகிறது, பாம்பு தலை தூக்குகிறது, நடிகை கண்களை மூடுகிறார்.

பகைவர் எழுதிய அரசி என்றதும் எமது நாட்டு வாசகர்களுக்கு அநுலாவின் நினைவு எழாதிருக்காது. கிளியோபாட்ரா அலெக்சாந்திரியாவில் அரசாண்ட அதே காலப்பகுதியில், கி.மு. 47 முதல் 42 வரையிலான ஆண்டுகளில், அநுராதபுரத்து அரசியலில் மேலோங்கியிருந்தவர் அநுலா. வாயிற்காவலன், தமிழ்த் தச்சன், விறகு சுமப்பவன், தமிழ்ப் பிராமணன் என ஒருவர் பின் ஒருவராக அரியணையேற்றி நஞ்சூட்டிக் கொன்றார் என்று மகாவம்சம் கூறுகிறது. அதுவும் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டதே. இரு தேசங்களிலும் ஆட்சிக்கு வந்த பெண்ணின் கையில் நஞ்சையும் படுக்கையறையில் காதலரையும் வைத்து எழுதும் வழக்கம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

2023 மே 10 ஆம் திகதி நெட்பிளிக்ஸ் நிறுவனம் "அரசி கிளியோபாட்ரா" என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட விவரணத் தொடரை வெளியிட்டது. ஆபிரிக்க அரசிகள் பற்றிய தொடர் வரிசையில் இது இரண்டாவது. முதலாவது, இன்றைய அங்கோலாப் பகுதியில் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற என்ஸிங்கா அரசியைப் பற்றியது. அந்த முதலாவது தொடர் இரண்டாவதைப் போன்று பரபரப்பை எழுப்பவில்லை என்பதே எமக்கு வருத்தம் தருகிறது. கிளியோபாட்ராவாகக் கறுப்பினப் பிரித்தானிய நடிகை அடெல் ஜேம்ஸ் தோன்றினார். முன்னோட்டத்தில் பேராசிரியை ஒருவர், பாடசாலையில் என்ன சொன்னாலும் கிளியோபாட்ரா கறுப்பினத்தவர் என்று தமது பாட்டி கூறியதை நினைவுகூர்ந்தார். எகிப்தில் எதிர்ப்பு மூண்டது. நெட்பிளிக்ஸைத் தடை செய்யுமாறு சட்டத்தரணி ஒருவர் அரச வழக்குத்தொடுநரிடம் முறையிட்டார். தொல்பொருள் அமைச்சு அறிக்கை வெளியிட்டு, அரசி வெண்ணிறத் தோலும் கிரேக்க முகச்சாயலும் கொண்டவர் என்றது. எகிப்திய விவரண அலைவரிசையொன்று தானே ஒரு கிளியோபாட்ரா படத்தைத் தயாரிக்கப்போவதாக அறிவித்தது.

இருசாராரும் சான்றின் எல்லையைத் தாண்டியே நின்றனர் என்பது எமது கருத்து. தந்தை வழியில் அவர் மக்கெடோனியக் கிரேக்க வம்சத்தினர் என்பது திண்ணம். தாய் யாரென்பது உறுதியாகக் கூறப்பட முடியாதது. தந்தையைப் பெற்ற பாட்டி யாரென்பதும் தெரியாதது. வம்சத்தின் பெரும்பகுதி கிரேக்கம் என்றும், ஒரு சிறு பகுதி இருட்டில் உள்ளது என்றும் கூறுவதே நேர்மை. அவரது உருவம் பொறித்த நாணயங்கள் வளைந்த மூக்கையும் உறுதியான நாடியையும் காட்டுகின்றன. ஆனால் வெண்கலத்தில் தோலின் நிறம் தெரியாது. பாட்டியின் சொல்லைச் சான்றாக நிறுத்துவது எவ்வளவு பலவீனமோ, நாணயத்தைப் பார்த்துத் தோலின் நிறத்தைச் சொல்வதும் அவ்வளவே பலவீனம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமது முன்னோரின் பெருமையைத் தேடுவதிலுள்ள வலியையும், தமது நாட்டின் வரலாற்றைப் பிறர் எடுத்தாள்வதைக் காணும் எகிப்தியரின் வலியையும் நாம் விளங்கிக்கொள்கிறோம். வரலாறு தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதாக உணர்ந்த மக்கள் எவருக்கும் அவ்வலி புதிதன்று. ஆனால் இருபத்தொரு ஆண்டு ஆட்சி நடத்திய ஒருவரைப் பற்றிய விவாதம் முழுவதும் அவரது தோலைப் பற்றியதாகவே முடிந்ததென்றால், அவர் அழகியா இல்லையா என்று ஈராயிரம் ஆண்டுகளாக நடந்த விவாதத்திலிருந்து நாம் எத்தனை அடி நகர்ந்திருக்கிறோம்?

இவ்விடத்தில், மேற்கத்தேய விவரணங்கள் பெரும்பாலும் தொடாத ஒரு மூலத்தைச் சொல்ல வேண்டும். எகிப்தை ஆண்ட முஸ்லிம்களின் காலத்தில் அரபு மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர்கள் காட்டும் கிளியோபாட்ரா முற்றிலும் வேறொருவர். கி.பி. 956 இல் காலமான அல்-மஸ்ஊதி அவரை அறிவுடையவராகவும், தத்துவத்தில் தேர்ந்தவராகவும், அறிஞர்களை அருகழைத்துப் போற்றியவராகவும், மருத்துவம் முதலான துறைகளில் நூல்கள் எழுதியவராகவும் சித்திரிக்கிறார். அந்த மரபில் அவரது உடலழகு பேசுபொருளன்று. எகிப்திய ஆய்வாளர் ஒகாஷா எல் டாலி 2005 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இந்த அரபு மூலங்களைத் தொகுத்துக் காட்டியது. அரபு எழுத்தாளர்கள் தவறே செய்யவில்லை என்று இதற்குப் பொருளல்ல. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தையும் அவரது பெயரில் எழுதியோர் அவர்களுள் உண்டு. பாம்புக் கதையை அல்-மஸ்ஊதியும் விடவில்லை. ஆயினும் உரோமரின் பகைமையைச் சுமக்காத ஒரு மரபில் அதே அரசி அறிஞராகவும் கட்டடங்களை எழுப்பியவராகவும் நினைவுகூரப்பட்டார் என்பது எவ்வளவு முக்கியமான செய்தி! அதனைக் காட்டுவதற்கு நடிகையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம்.

காட்டுவதற்கு வேறு பொருள்களும் உள. பெர்லினில் ஒரு பப்பைரஸ் ஏடு இருக்கிறது. கி.மு. 33 ஆம் ஆண்டுக்குரிய அரச ஆணை அது. உரோமப் பிரமுகர் ஒருவர் ஆண்டுதோறும் பத்தாயிரம் மூடை கோதுமையை வரியின்றி ஏற்றுமதி செய்யவும், ஐயாயிரம் சாடி திராட்சை ரசத்தை வரியின்றி இறக்குமதி செய்யவும் அது அனுமதி வழங்குகிறது. எழுத்தர் எழுதிய ஆணையின் கீழ் வேறொரு கையெழுத்தில் ஒரேயொரு கிரேக்கச் சொல் காணப்படுகிறது. "அவ்வாறே ஆகுக" என்பது அதன் பொருள். அச்சொல் கிளியோபாட்ராவின் கையாலேயே எழுதப்பட்டிருக்கலாம் என 2000 ஆம் ஆண்டில் அறிஞர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் அந்த ஏடு கழிவுத்தாளாகி, இறந்தவரின் உடலைப் பொதியும் உறை செய்யப் பயன்பட்டதாலேயே தப்பிப் பிழைத்தது. வரிச்சலுகை கொடுத்து உரோமத்துப் பெரிய மனிதர்களைத் தம் பக்கம் வைத்திருந்த அரசியல், நாணயங்களில் பெறுமதியைப் பொறித்துப் புழக்கத்தை ஒழுங்குபடுத்தியமை, பஞ்ச காலத்தில் அரச களஞ்சியத்திலிருந்து தானியம் வழங்கியமை ஆகியவையே அவரது நாளாந்த வேலை. சீசரும் அன்ரனியும் அருகிலில்லாத ஆண்டுகளே அவரது ஆட்சியில் மிகுதி. கி.மு. 40 இல் அன்ரனி உரோமுக்குத் திரும்பிய பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் சந்திக்கவேயில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் எகிப்து ஆளப்பட்டது. திரையில் அவை மூன்று நிமிடமும் பெறுவதில்லை.

தமிழில் ஒலிமாற்றம் செய்யப்படும்போது இன்னுமோர் அநீதி சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அரசனுக்கும் அரசிக்கும் வினைச்சொல் ஒன்றே. தமிழில் அப்படியன்று. சீசர் "வந்தார்", அன்ரனி "சென்றார்", கிளியோபாட்ரா மாத்திரம் "வந்தாள்", "மயக்கினாள்", "மடிந்தாள்." நாற்பது நிமிட நிகழ்ச்சியில் இது எத்தனை தடவை செவியில் விழுகிறதென எண்ணிப் பாருங்கள். எமது பத்திரிகைகளும் பாடநூல்களும் இந்த வழக்கிலிருந்து விடுபட்டவையல்ல. மேலே நாமே அந்த உரோம மோகினிக்கு "ஒருத்தி" என்றும், சிற்றன்னைக் கதைக்கு "அவள்" என்றும் எழுதியிருக்கிறோம். அவை பிறரது கற்பனைப் பாத்திரங்கள் என்பதனால் அவ்வாறே விட்டோம். பேராசிரியர் கவனத்தோடு கூறிய "இருக்கலாம்" என்பதும் ஒலிமாற்றத்தின் அவசரத்தில் பல வேளைகளில் "இருந்தாள்" என்றாகிவிடுகிறது. வகுப்பறையில் எகிப்தைப் பற்றி ஓரிரு பக்கங்களே படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் வரலாறு பெரும்பாலும் இவ்வழியாகவே சென்றடைகிறது. ஆகவே நிகழ்ச்சி முடிந்த பின் பெற்றோரோ ஆசிரியரோ அருகிலிருந்து, இது யார் எழுதியது, எப்போது எழுதியது, காட்டிய முகம் எங்கிருந்து வந்தது என மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். பிள்ளைகள் நாம் எதிர்பார்ப்பதைவிட விரைவாக விடயத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆர்சினோ எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது இன்னமும் தெரியவில்லை. எபேசு நகரின் எண்கோணக் கட்டடத்தில் இருந்தவன் அந்தச் சிறுவனே. உணவை மென்று உண்ணவும் இயலாத ஒரு பிள்ளைக்கு, செல்வர்களின் நினைவுச் சின்னங்கள் வரிசையாக நின்ற வீதியில், அத்தனை அழகிய கட்டடமொன்றை எழுப்பியவர்கள் யார் என்ற கேள்வியை, ஆர்சினோவின் பெயர் விலகிய பின்னர்தான் ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.